எப்போது ஓடுவது, எப்போது நிற்பது: விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் எனக்கு யாருமே சொல்லித் தராத ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் 'சோதனை' என்று ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்களே, அதற்குள் இரண்டு வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன. வேலை போவது, நோய் வருவது, விசுவாசத்தை ஏற்றுக்கொண்டதற்காகவே வீட்டார் முகம் திருப்புவது, இதெல்லாம் வெளியிலிருந்து வந்து அமுக்குகிற பாடு. ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கையில் போன் இருக்கும்போது உள்ளேயிருந்து கிளம்புகிற இழுப்பு இன்னொன்று. கிரேக்க மூலத்திலும் இரண்டுக்கும் 'பெய்ராஸ்மோஸ்' என்ற ஒரே சொல்தான், அதனால் மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். 2-ஆம் வசனத்தில், பலவிதமான சோதனைகளில் அகப்படும்போது அதைச் சந்தோஷமாக எண்ணுங்கள் என்கிறார். 13, 14-க்கு வந்தால், சோதிக்கப்படுகிற எவனும் 'நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன்' என்று சொல்லக்கூடாது, அவனவன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்கிறார். முதல் தடவை வாசித்தபோது, சந்தோஷப்படச் சொல்கிறாரா பயப்படச் சொல்கிறாரா என்றே எனக்குப் புரியவில்லை.

இரண்டுக்கும் மருந்து வேறு. பாடு வந்தால் நிற்க வேண்டும், இச்சை வந்தால் ஓட வேண்டும். நாம் புதிதில் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். பாடு வந்ததும் ஜெபத்தை விட்டு, சபையை விட்டு ஓடிவிடுகிறோம். இச்சை வந்தாலோ 'இதையெல்லாம் நான் சமாளித்துக்கொள்வேன்' என்று அதன் முன்னாலேயே நின்று மல்லுக்கட்டுகிறோம், தோற்கிறோம். நான் இரண்டு வருஷம் இப்படித்தான் திரிந்தேன். கீழே எழுதுவது அந்த இரண்டு வருஷத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்டது.

முதல் வேலை: வந்திருப்பது எது என்று பாருங்கள்

ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். இது என்னிடமிருந்து எதையாவது பிடுங்குகிறதா, இல்லை எனக்கு எதையாவது நீட்டுகிறதா? பிடுங்கினால் பாடு. நீட்டினால் இச்சை.

ஆனால் பல சமயம் ஒன்று இன்னொன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த நான்காவது மாதம் எனக்கு வேலை போனது. அது பாடு, அதை எப்படியோ தாங்கிக்கொண்டேன். அப்புறம் ஒரு நேர்முகத் தேர்வில் பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள், பொய்யான தொகை நாக்கு நுனியில் தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. அது இச்சை. பாடு விஷயத்தில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே இது பக்கவாட்டில் வந்துவிடும். இயேசுவுக்கும் அப்படித்தான் நடந்தது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் 40 நாள் உபவாசம் முடிந்து, 'அவருக்குப் பசியுண்டாயிற்று' என்று எழுதிய அடுத்த வரியிலேயே சோதனைக்காரன் கல்லைக் காட்டி அப்பமாக்கச் சொல்கிறான்.

எண்ணம் வந்ததற்காகவே உங்களைத் தண்டித்துக்கொள்ளாதீர்கள்

புதியவர்களை அதிகம் உடைப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கெட்ட நினைவு வந்துவிட்டது, 'ஐயோ, நான் இரட்சிக்கப்படவே இல்லை போலிருக்கிறது' என்று அன்றைக்கே நொறுங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாக்கோபு 1:14-15-ஐ மெதுவாக வாசியுங்கள்: இழுக்கப்படுதல், சிக்குண்ணுதல், இச்சை கர்ப்பந்தரித்தல், பாவம் பிறத்தல். இழுப்பு ஒரு கட்டம், பாவம் வேறு கட்டம், நடுவில் இடைவெளி இருக்கிறது. எபிரெயர் 4:15 இயேசுவைப் பற்றி 'எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற' என்கிறது. சோதிக்கப்படுவதே பாவம் என்றால் அந்த வசனத்துக்கு அர்த்தமே கிடையாது.

எண்ணம் கதவைத் தட்டினது உங்கள் தப்பில்லை. உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்தால் அங்கிருந்து உங்கள் கணக்கு ஆரம்பிக்கிறது.

உங்கள் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு ஒரு சின்ன நோட்டு வேண்டும். இரண்டு வாரம், விழுந்த நேரத்தையும் விழப் போன நேரத்தையும் மட்டும் எழுதுங்கள்: மணி என்ன, எங்கே இருந்தேன், அதற்கு முன்னால் என்ன நடந்தது. பாவத்தின் பெயரைக்கூட எழுத வேண்டாம், யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் வந்தால் எழுதவே மாட்டீர்கள். நான் எழுதினபோது, பத்தில் ஏழெட்டு பதினோரு மணிக்கு மேல், தனியாக இருக்கும்போது, அன்றைக்கு யாரோ என்னை மட்டம் தட்டியிருந்த நாளில் வந்திருந்தது. இந்தக் கடைசி விஷயம் எனக்கே ஆச்சரியம். நான் அதை இச்சை என்று நினைத்துப் போராடிக்கொண்டிருந்தேன், அடியில் இருந்ததோ காயம்பட்ட பெருமை.

பசி, கோபம், தனிமை, களைப்பு, பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று கூடவே நிற்கும். தாவீதின் கதை தெரியும்தானே, 2 சாமுவேல் 11. ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகிற காலத்தில் அவன் அரண்மனையில் தங்கிவிட்டான், சாயங்காலத்தில் படுக்கையிலிருந்து எழுந்து மாடியில் உலாத்தினான். குளித்துக்கொண்டிருந்த பிறன் மனைவி பத்சேபாளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே பாதி தோல்வி நடந்து முடிந்துவிட்டது. 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, சலிப்பின் பிசாசு காலை பத்து மணி வாக்கில் வந்து பிற்பகல் இரண்டு மணிவரை விடாது, சூரியன் நகராததுபோலத் தோன்ற வைக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். மணி பார்த்து எழுதியிருக்கிறார் மனுஷன். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் அவர் செய்ததைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன்.

இச்சை வந்தால்: ஓடுவது எப்படி

1 கொரிந்தியர் 10:13-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். உங்கள் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட இடங்கொடாமல், 'சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்' என்று. 'போக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள், வெளியே போகிற வழி என்று அர்த்தம். வழி இருக்கிறது என்றால் நாம்தான் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டே 'ஆண்டவரே, இந்த ஆசையை எடுத்துப்போடும்' என்று ஜெபித்துக்கொண்டு, கை மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வழி எப்போதும் ஆரம்பத்தில்தான் அகலமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். பன்னிரண்டு மணிக்குப் போனைக் கீழே வைக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை, பத்து மணிக்கு இருந்தது. அதனால் சார்ஜரைக் கொண்டுபோய் வீட்டு வாசல் பக்கம் இருக்கிற பிளக்கில் மாட்டினேன். படுக்கும் இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி, அவ்வளவுதான். எழுந்திருக்க ஒரு காரண காரியம் வேண்டியிருந்தது, அந்த எழுந்திருக்கிற நேரத்துக்குள் பாதி நாள் புத்தி வந்துவிடும். அலாரத்துக்காகப் போன் தலைமாட்டில் வேண்டும் என்பீர்கள். தனியாக ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், அந்தச் சாக்கு தீர்ந்தது.

யோசேப்பைப் பாருங்கள், ஆதியாகமம் 39. அவன் எஜமான் போத்திபாரின் மனைவி தன்னோடு படுக்கச் சொல்லி ஒரு நாள் மட்டும் கேட்கவில்லை, நாள்தோறும் கேட்டாள். அவன் அவளோடு இருக்கவும் சம்மதிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது, அதாவது முதலில் நெருங்காமல் இருந்தான், கடைசியில் பிடித்தபோது வஸ்திரத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். எதையாவது விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டியிருக்கும். ஒரு நட்பு, ஒரு குழு, ஒரு செயலி, சில சமயம் நல்ல வருமானம். அதோடு, ஓடினதற்குப் பரிசாக அவனுக்குக் கிடைத்தது சிறைச்சாலை. 17 வயதில் விற்கப்பட்டவன் பார்வோன் முன்னால் நிற்கும்போது வயது 30. பாவத்துக்கு விலகி ஓடினால் உடனே ஆசீர்வாதம் கொட்டும் என்று யாராவது சொன்னால் இந்த 13 வருஷக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பவுலும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். வேசித்தனத்துக்கு விலகியோடுங்கள், பாலியத்துக்குரிய இச்சைகளுக்கு விலகியோடு. பிசாசுக்கு எதிர்த்து நிற்கச் சொல்கிற யாக்கோபு 4:7 இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரி, அந்த வசனம் எப்படி ஆரம்பிக்கிறது? 'தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்.' விலகி ஓடு என்று தேவன் சொன்ன இடத்தில் விலகி ஓடுவதும் கீழ்ப்படிதல்தான்.

வசனம் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்கு வேண்டியதை

மத்தேயு 4-இல், வனாந்தரத்தில் சோதனைக்காரனுக்கு இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வந்தவை, 8:3, 6:16, 6:13. மூன்றும் கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இஸ்ரவேலர் 40 வருஷம் வனாந்தரத்தில் பட்ட பாட்டைப் பற்றிப் பேசுகிற பகுதி அது, தான் நிற்கிற இடத்துக்கு ஏற்ற பகுதியிலிருந்தே எடுத்துப் பேசுகிறார். நாமோ நாள்காட்டியில் வந்த வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டு, கோபம் வரும்போது 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நல்ல வசனம்தான், அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி இல்லை.

உங்கள் நோட்டைப் பாருங்கள், எந்த இடத்தில் அடிக்கடி விழுகிறீர்களோ அதற்கு மூன்றே மூன்று வசனம் போதும். கோபத்துக்கு யாக்கோபு 1:19-20 வைத்துக்கொள்ளலாம். பண ஆசைக்கு எபிரெயர் 13:5. கவலை என்றால் பிலிப்பியர் 4:6-7. நான் ஒரு வசனத்தை அட்டையில் எழுதி பர்ஸுக்குள் வைத்திருந்தேன், ஓரமெல்லாம் நைந்து, மை கலங்கி, எனக்கு மட்டுமே படிக்கத் தெரிந்த நிலைமைக்கு வந்துவிட்டது. சங்கீதம் 119:11, 'உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்.' மேலே சொன்ன எவாக்ரியுஸும் ஒவ்வொரு தீய எண்ணத்துக்கும் இன்ன வசனம் என்று நானூறுக்கும் மேலே தொகுத்து வைத்திருந்தார். நமக்கு மூன்று போதும்.

ஒரு எச்சரிக்கை. பிசாசும் அதே மத்தேயு 4-இல் சங்கீதம் 91-ஐ எடுத்துக் காட்டுகிறான். வசனம் தெரிந்திருப்பதும் அதற்குக் கீழ்ப்படிந்திருப்பதும் ஒன்றில்லை.

ஜெபம்: அந்த நேரத்துக்குச் சின்னது, மற்ற நேரத்துக்குப் பெரியது

இழுப்பு உச்சத்தில் இருக்கும்போது நீளமாக ஜெபிக்க வராது, வரவில்லையே என்று கலங்கவும் வேண்டாம். தண்ணீரில் மூழ்கும்போது பேதுரு ஜெபித்தது 'ஆண்டவரே, என்னை இரட்சியும்', மூன்றே வார்த்தை. கெத்செமனேயில் இயேசு 'சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்' என்று சொன்னது சோதனை வருவதற்கு முன்னால். சீஷர்கள் தூங்கினார்கள், விடிவதற்குள் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான். நீண்ட ஜெபத்தைக் காலையிலோ உங்கள் பலவீனமான மணிக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

யாக்கோபு 5:16, 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு'. கத்தோலிக்கராக இருந்தால் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, குருவானவர் அதை வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மற்ற சபைகளில் இருப்பவர்கள் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர். இந்தக் கடைசித் தகுதிதான் அரிது. 'ஒரு சகோதரருக்காக ஜெபிக்கணும்' என்று ஜெபக்குறிப்பாக ஆரம்பித்து ஊர்முழுக்கப் பரவின கதைகள் எந்தச் சபையிலும் உண்டு. முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள், ஒரு மாதம் அது வெளியே வராவிட்டால் பெரியதைச் சொல்லுங்கள்.

நான் சொன்னது எங்கள் சபையில் இருந்த ஒரு அண்ணனிடம். சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது, அதில் முப்பது நிமிஷம் வேறு எதையோ பேசினேன். அவர் அதிர்ச்சி அடையவும் இல்லை, பிரசங்கம் செய்யவும் இல்லை. ஒரு ஏற்பாடு மட்டும் சொன்னார்: ராத்திரி எப்போது இழுப்பு வந்தாலும் எனக்குப் போனில் ஒரு புள்ளி மட்டும் அனுப்பு, எதுவும் விளக்க வேண்டாம். நான் புள்ளி அனுப்புவேன், 'விழித்திருக்கிறேன்' என்று பதில் வரும். பல தடவை நான் தூங்கின பிறகு, விடியற்காலையில்தான் அந்தப் பதில் வந்திருக்கிறது. அது பரவாயில்லை, அனுப்பின அந்த நொடியிலேயே பாதி பலம் போய்விடும், இருட்டில் இருக்கும்வரைதான் அதற்குக் கொழுப்பு.

குடி, போதைப் பொருள், சூதாட்டம் போன்றவை உடம்பையே பிடித்துக்கொண்டிருந்தால் ஜெபத்தோடுகூட மருத்துவரையும் பாருங்கள். லூக்கா ஒரு மருத்துவர் என்று கொலோசெயர் 4:14 சொல்கிறது, அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை.

பாடு வந்தால்: நிற்பது எப்படி

முதலில் அழுங்கள். தேவனிடமே அழுங்கள், அவர் மேலேயே முறையிடுங்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று ஆரம்பிக்கிற 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான், அதை உங்கள் சொந்த ஜெபமாக்கிக்கொள்ளலாம். அது கடைசியில் துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, துதியே இல்லை, அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். சிரித்த முகத்தோடு 'ஸ்தோத்திரம் பிரதர்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே அழுகிப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் சாப்பிடுங்கள், தூங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கர்மேல் மலையில் பாகால் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய ஜெயம் பெற்ற எலியா அடுத்த அதிகாரத்திலேயே (1 இராஜாக்கள் 19) சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்கிறான். தேவன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தூதன் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான், சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறான், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். தேவன் மெல்லிய சத்தத்தில் பேசினதெல்லாம் அதற்கப்புறம்தான். எலியாவைப் போலவே சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்தால் அன்றைக்கே ஒரு ஆளிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள், தனியாக இருக்காதீர்கள்.

வேலை போயிருந்த நாட்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, 'எங்கேயோ விசுவாசக் குறைவு இருக்கு, அதான் கதவு திறக்கல' என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. பின்னால்தான் யோபுவை முழுதாக வாசித்தேன். அவருடைய சிநேகிதர்கள் 7 நாள் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அருமை. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது, கடைசியில் தேவனே அவர்கள் பேசினது நிதானமில்லை என்கிறார். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் சண்டை போட வேண்டாம், நம்பவும் வேண்டாம்.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றும் நினைக்காதீர்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த ஒரு முள்ளை, அதாவது தன்னை வாட்டிய ஒரு உபாதையை, எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், வந்த பதில் 'என் கிருபை உனக்குப்போதும்'. முள் போகவில்லை.

நிற்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு அதே இடத்தில் கிடப்பது என்று யாராவது அர்த்தம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வீட்டில் அடி உதை என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், சட்ட உதவி கேளுங்கள். தமஸ்குவில் கொல்லப் பார்த்தபோது பவுல் கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பித்தார். விசுவாசத்தில் நின்றார், ஊரில் நிற்கவில்லை.

விழுந்துவிட்டால்

விழுவீர்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியது, அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் அந்த மணி நேரத்திலேயே திரும்புவது. 1 யோவான் 1:9-ஐச் சொல்லி, பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள், மன்னிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியதோ மன்னிப்புக் கேட்க வேண்டியதோ இருந்தால் அதைச் செய்யுங்கள். 'எப்படியும் விழுந்தாச்சு, இன்றைக்கு முழுக்க இப்படியே இருக்கட்டும்' என்கிற குரல் வரும். விழுந்ததைவிட அதிகச் சேதம் செய்தது எனக்கு அந்தக் குரல்தான்.

பேதுரு கரிநெருப்பு அருகே குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது மறுதலித்தான், யோவான் 18. 21-ஆம் அதிகாரத்தில் கரையில் இயேசு மூட்டி வைத்திருந்ததும் கரிநெருப்புதான். அதே வாடை அவன் மூக்கில் ஏறியிருக்கும். 'வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்' என்று முதலில் சாப்பிட வைத்துவிட்டு, அப்புறம்தான் 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்று மூன்று தரம் கேட்டார்.

நோட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், விழுந்த நாளிலும் ஒரு வரி எழுதுங்கள். என்னுடையது இப்போது மூன்றாவது நோட்டு. போன மாதம் ஒரு ராத்திரி, ஒன்று இருபதுக்கு, வாசல் பக்கம் போன் ஒரு தடவை அதிர்ந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த அண்ணனிடமிருந்து ஒரு புள்ளி. 'விழித்திருக்கிறேன்' என்று அனுப்பிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.